கேபினெட்டோடு இலவசம்

அக்கா மகன் அனுப்பிய கம்ப்யூட்டர் சாமான் பட்டியலில் கடைசி வரி இது: ‘எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசம்.’ கேபினெட் என்பது எல்லாச் சாமானையும் உள்ளே வைக்கும் கூடு, எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் கரண்டை அவற்றுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. நான் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்கினேன். மேலே இருந்த ஏழு வரிகளையும் அப்புறம்தான் பார்த்தேன்.

அக்காவுக்குக் குளச்சலில் வீடு. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. 2024 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பையன் இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். பத்தாம் வகுப்பிலிருந்தே அவனுக்குச் சொல்லி வைத்திருந்த கம்ப்யூட்டர். அக்கா அதற்கென்றே ஒரு சீட்டுப் போட்டு, சரியாக அந்த நேரம் பார்த்து எடுத்திருந்தாள். அறுபதாயிரம் ரூபாய். “அதுக்கு மேல ஒத்த பைசா கிடையாது, கேட்டியா” என்று போனில் என்னை அதட்டினாள், என்னவோ நான் விளையாடக் கேட்டது மாதிரி.

காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறான், படிப்புக்குத்தான் என்பது வீட்டில் சொன்ன காரணம். பட்டியலில் பாதிப் பணத்தை ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே சாமான் விழுங்கியிருந்தது. அது கிராபிக்ஸ் கார்டு, கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தருவது. மிச்சப் பாதியில் பிராசசர், எல்லாவற்றையும் மாட்டும் மதர்போர்டு, மானிட்டர் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ரேம் ஒற்றை 8 ஜிபி. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. 256 ஜிபி. படிப்பு எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அந்த வயதைத் தாண்டி வந்தவன்தான்.

எனக்கு நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவது தொழில் இல்லை, இருபது வருஷமாக விடாத பழக்கம். சொந்தத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் எடுத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அது கெட்டுப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதில் இரண்டாவதுக்குப் பயந்துதான் முதலாவதை ஒழுங்காகச் செய்யப் பழகினேன்.

“நீ என்னலே விளையாடப் போற?” என்று முதலில் கேட்டேன். கார்டு நம்பரையெல்லாம் தலைகீழாகச் சொல்லும் பையனுக்கு இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. கூட்டுக்காரன் வீட்டில் வாலரண்ட் ஆடியிருக்கிறான். ஜிடிஏ 5 ஆட ஆசை. மற்றதெல்லாம் யூடியூபில் யாரோ ஆடியதைப் பார்த்தது.

வாலரண்ட் லேசான கேம். கிராபிக்ஸ் கார்டைவிட பிராசசரைத்தான் அதிகம் வேலை வாங்கும். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015இல். இன்றைய நடுத்தரக் கார்டுகளுக்கு அது ஒரு சுமையே இல்லை. மானிட்டர் எப்படியும் 24 இஞ்ச், 1080பி, அதாவது சாதாரண ஃபுல் எச்டி. நான் யோசித்துப் பார்த்ததில் உண்மையான சிக்கன வழி ஒன்று இருந்தது: ரைசன் 5 5600ஜி. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசர். தனிக் கார்டு வேண்டாம், இருபதாயிரம் மிச்சம். ரேமை இரண்டு குச்சியாகப் போட்டால் வாலரண்ட் அதில் நன்றாகவே ஓடும்.

இதை அக்காவிடம் சொன்னதுதான் என் தப்பு. “அப்ப நாப்பதாயிரத்துல முடிஞ்சிரும்லா?” என்று அவள் குரல் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற பையனின் முகம் போனிலேயே தெரிந்தது. அப்புறம் நானே ஏற்றியதை நானே இறக்க வேண்டியதாயிற்று. 5600ஜி-க்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அதன் எல்3 கேஷ், அதாவது பிராசசர் தனக்குள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் மெமரி, 16 எம்பி. பெயரில் ‘ஜி’ இல்லாத 5600-க்கு 32 எம்பி. இன்னும் ஒரு வருஷத்தில் அவன் எப்படியும் கார்டு வாங்கத்தான் போகிறான். வாங்கும்போது இந்தச் சின்ன கேஷ் பின்னால் இழுக்கும். கையில் நிஜமாகவே நாற்பதுதான் என்றால் 5600ஜி-யை யோசிக்காமல் எடுக்கலாம். அறுபது இருக்கும்போது எடுப்பது, வளருகிற பிள்ளைக்கு அளவாகச் சட்டை தைத்த மாதிரி.

சரி, கார்டு.

ஒரு சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பையனின் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு எதுக்கு தம்பி, 4 ஜிபி கார்டு ஒண்ணு இருக்கு, கேம் எல்லாம் ஓடும்” என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். ஜிடி 730. அந்தச் சிப் வெளிவந்தது 2014இல். நான் சொன்ன 5600ஜி-யின் உள்ளே சும்மா கிடக்கும் கிராபிக்ஸே இதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் பெட்டியில் ‘4 ஜிபி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வரும் அம்மா அப்பாவுக்கு விளங்கும் ஒரே எண் அது. ஜிபி கூடினால் வேகம் கூடும் என்று நினைத்துவிடுவார்கள். பின்னால் ஒருநாள் அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே வரியில் முடித்தார்: “மொபெட்டுக்கு அம்பது லிட்டர் டாங்க் வச்ச மாதிரி.” அத்தான் வள்ளங்களுக்கு அவுட்போர்டு என்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர்.

4060 வேகமான கார்டுதான், அதில் பேச்சில்லை. அன்றைய விலையில் முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. அதைப் போட்டால் மற்ற எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். இருபதாயிரம் பக்கம் இரண்டு கார்டுகள் இருந்தன: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050, ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600. இரண்டுக்கும் 8 ஜிபி. சாதாரணமாக கேம் ஆடும்போது 6600 தெளிவாகவே முந்தும். ஆனால் பையனுக்கு என்விடியா மோகம். டிஎல்எஸ்எஸ் இருக்கிறதே என்றான். படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டி வேகம் கூட்டும் வித்தை அது. இருக்கிறதுதான், அது ஆர்டிஎக்ஸ் கார்டில் மட்டும்தான் ஓடும். அதே வேலையைச் செய்யும் ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் அப்போது மற்றக் கம்பெனி கார்டிலும் ஓடியது, கொஞ்சம் தரம் குறைவு. ஸ்டிரீமிங் பண்ணுகிறவன், வீடியோ எடிட் பண்ணுகிறவன் என்றால் நான் என்விடியா பக்கம் சாய்ந்திருப்பேன். இவன் ஆடத்தான் போகிறான். 6600.

அதற்குள் மார்த்தாண்டத்தில் ஒருவர் பழைய கார்டு விற்கிறார் என்று ஒரு லிங்க் அனுப்பினான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு, கிராபிக்ஸ் கார்டுகளை ராப்பகலாக ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் முறையையே கைவிட்டதும் அதற்காக வாங்கிக் குவித்த கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல மாட்டேன். நல்லபடி ஓடுகிறவையும் உண்டு. போய்ப் பார்த்தோம். கார்டு பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. மானிட்டர் மாட்டும் ஓட்டைகள் இருக்கும் இரும்புத் தகட்டின் ஓரத்தில் மட்டும் மஞ்சளாகத் துரு. ஓட்டிக் காட்டச் சொன்னோம். கம்ப்யூட்டர் இப்போது கையில் இல்லை என்றார். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம்.

பிராசசர் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், ஆனால் இந்த விலையில் பேச அதிகம் ஒன்றும் இல்லை. ஏஎம்டி-யின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5 12400எஃப் இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இரண்டுக்கும் பெட்டியிலேயே கூலர் வரும். கேமில் இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை மானிட்டர் மூலையில் காட்டும் வேகக் கணக்கைப் பார்த்தால் ஒழிய கண்டுபிடிக்க முடியாது. கடையில் அன்று 5600 இருந்தது, எடுத்தோம். பின்னால் ஆசைப்பட்டால் அதே போர்டில் இதைவிட வேகமான 5700எக்ஸ்3டி போடலாம் என்பது ஒரு சின்ன நிம்மதி. 12400எஃப்-இன் வாலில் இருக்கும் அந்த ‘எஃப்’ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அதற்கு அர்த்தம். 5600-க்கும் கிடையாது. இது பின்னால் எனக்கே பாடமாக வந்தது.

போர்டில்தான் காசு மிச்சம் பிடித்தேன். பி550 போர்டு 8,600 சொன்னார்கள், பி450 போர்டு 6,100. கார்டுக்கு டேட்டா போகும் ஸ்லாட் பி550இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0, பி450இல் அதைவிட வேகம் குறைந்த 3.0. ஆர்எக்ஸ் 6600 எட்டு லேனில், அதாவது எட்டுத் தடத்தில், ஓடுவதால் 3.0இல் போட்டாலும் சொற்ப இழப்புதான். இதே இடத்தில் விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எடுத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம். அதற்கு நாலே லேன், மெமரியும் 4 ஜிபி, பழைய போர்டில் நன்றாகவே திணறும். பி450 வாங்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். அது 2018இல் வந்த போர்டு, 5600 வந்தது 2022இல். போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற சாஃப்ட்வேர் பழையதாக இருந்தால் அந்தப் பிராசசரை அதற்கு அடையாளமே தெரியாது. பெட்டியில் ‘ரைசன் 5000 ரெடி’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

ரேம் 8 ஜிபி குச்சி இரண்டு, டிடிஆர்4 வகை, வேகம் 3200. ஒற்றை 16 ஜிபி வேண்டாம், இரண்டு குச்சி போட்டால்தான் இரண்டு பாதையிலும் டேட்டா போகும். அன்று 3,600 ரூபாய். 2025 கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இதே ரேம் கேட்டபோது விலை இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியிருந்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்குத்தான் இப்போது மெமரி சிப் எல்லாம் போகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் உள்ள விலைகளை நம்பி யாரும் கடைக்குப் போய் நிற்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. 500 ஜிபி, என்விஎம்இ என்ற வேகமான வகை. ஜிடிஏ 5 மட்டுமே நூறு ஜிபி-யைத் தாண்டும். 1 டிபி வாங்கியிருக்க வேண்டும், காசு இடிக்கவில்லை என்றால்.

இனி அந்தக் கடைசி வரி.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தின் முன்னால் நான் சொல்லப்போவது ஒன்றுமே இல்லை, ஆனாலும் எஸ்.எம்.பி.எஸ். பற்றி நான் கற்றது அப்போதுதான். மரங்கள் விழுந்து, கம்பங்கள் சாய்ந்து, நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கும் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்ப வந்த அன்று ராத்திரி விட்டு விட்டு வந்தது. பல்பு ஒருமுறை மங்கி, ஒருமுறை வெள்ளையாக எரிந்தது. கம்ப்யூட்டர் ஆஃபில்தான் இருந்தது, ஆனால் பிளக்கைப் பிடுங்கவில்லை. பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் அந்த வாடை. கரிந்த மீனுக்கும் உருகிய பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு வாடை அது. எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகவில்லை, போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனது. மகளின் முதல் பிறந்தநாள் போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது.

மறுநாள் அதைக் கழற்றிப் பார்த்தேன். கேபினெட்டோடு இலவசமாக வந்த 500 வாட்ஸ் சாமான். கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. உள்ளே கரண்ட் நுழையும் இடத்தில் சர்க்யூட் பலகையில், கரண்டோடு வரும் குப்பையை வடிகட்டும் ஃபில்டர் காயிலுக்கென்று கட்டம் போட்டு, பெயரும் அச்சடித்திருந்தது. அந்த இடத்தில் காயில் இல்லை. இரண்டு வெறும் கம்பித் துண்டை வளைத்து வைத்து ஈயம் வைத்திருந்தார்கள். பலகையை வடிவமைத்தவனுக்கு அங்கே என்ன வர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. செய்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

இன்று யாருக்குக் கம்ப்யூட்டர் எடுத்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. மேலே போட்டிருக்கும் வாட்ஸை விடுங்கள். 12 வோல்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழே ஆம்பியர் போட்டிருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். பையன் சொன்ன இலவச சாமானின் ஸ்டிக்கரில் 16 ஆம்பியர் என்றிருந்தது. பன்னிரண்டையும் பதினாறையும் பெருக்கினால் 192. மேலே ‘500’. 6600 கார்டுக்கு மட்டும் 132 வாட்ஸ் வேண்டும், 5600 முழு வேகத்தில் ஓடினால் 76. அதுவே 208. பையனைக் கடை வாசலிலேயே நிறுத்தி போனில் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். அவன் அதற்குப் பிறகு இலவசம் பற்றிப் பேசவில்லை.

வாங்கியது 550 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ், 4,200 ரூபாய். இந்த பிரான்ஸ், கோல்டு எல்லாம் பாதுகாப்புக்குக் கொடுக்கும் பதக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான அளவு அது, பாதி லோடில் பிரான்ஸுக்கு 85 சதவீதம். ஆனாலும் அந்தச் சோதனையில் தேற வேண்டுமென்றால் காயிலுக்குப் பதில் கம்பி வைத்துத் தப்பிக்கும் ஆட்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். வாரண்டி எத்தனை வருஷம் என்பதைத்தான் நான் கூடுதலாகப் பார்ப்பேன். இது ஐந்து வருஷம்.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் சென்னையிலிருந்து வந்தது. ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கத் தலைக்கு வைத்துப் படுத்துக் கொண்டுவந்தார். மொத்தக் கணக்கு: பிராசசர் 11,200, போர்டு 6,100, ரேம் 3,600, எஸ்.எஸ்.டி. 3,300, கார்டு 20,500, எஸ்.எம்.பி.எஸ். 4,200, கேபினெட் 3,000, மானிட்டர் 8,000. கீபோர்டும் மவுசும் பழைய கம்ப்யூட்டருடையது. கூட்டினால் 59,900. மீதி நூறு ரூபாய்க்கு ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கிக்கொண்டு திங்கள்நகர் வழியாகக் குளச்சல் போய்ச் சேர்ந்தோம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஏஎம்4 பிராசசரில் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கும். ஒன்று வளைந்தாலும் பெரிய தலைவலி. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால் தானாக விழ வேண்டும், அழுத்தவே கூடாது. பையனையே வைக்கச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நற்கருணை வாங்குகிற பவ்யத்தோடு வைத்தான்.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது, கார்டில் லைட் எரிந்தது, மானிட்டர் மட்டும் கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன். இரண்டாவது நாலாவது ஸ்லாட் சரிதான். திரும்பவும் கழற்றினேன். கார்டைப் பிடுங்கி மாட்டினேன். இருபது நிமிஷம். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மார்த்தாண்டத்துக் கார்டு என்றால் அவர்மேல் பழி போட்டிருக்கலாம். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “கம்பெனி கம்ப்யூட்டரே வாங்கியிருக்கலாமோ” என்றாள்.

அத்தான் கட்டன்சாயாவோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்ள, அந்த வயரை மேல குத்தியிருக்கிய. கீழயும் அதே மாதிரி ஓட்டை மூணு இருக்கே, அது எதுக்கு?”

மானிட்டர் வயரை நான் போர்டின் எச்.டி.எம்.ஐ.-யில் குத்தியிருந்தேன். 5600-க்குள் கிராபிக்ஸ் இல்லை. அந்த ஓட்டை வெறும் அலங்காரம். இருபது வருஷ அனுபவம். கீழே கார்டில் மாற்றிக் குத்தியதும் படம் வந்தது. பையன் சிரிக்காமல் இருந்ததற்கு அவனுக்கு ஒரு நல்ல கீபோர்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், இன்னும் வாங்கவில்லை. அப்புறம் பயாஸில் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் எக்ஸ்.எம்.பி.-யை ஆன் பண்ணினோம். அதுவரை 3200 ரேம் 2666இல் ஓடிக்கொண்டிருந்தது. பலர் வீட்டில் வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று சாயங்காலமே அக்கா போன் பண்ணினாள். கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருசுரு என்று ஏறுகிறதாம். “பழைய கம்ப்யூட்டர் பத்து வருஷம் ஓடிச்சு, ஒருநாள் ஷாக் அடிச்சதில்ல. நீ நாலாயிரத்துக்கு வாங்கித் தந்தது முதல் நாளே அடிக்கி.”

இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மை அவளுக்குப் பிடிக்காது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-க்குள் நான் சொன்ன அந்த ஃபில்டர் இருக்கிறது. அதில் இரண்டு குட்டிக் கெபாசிட்டர்கள் கரண்ட் லைனையும் கேபினெட் தகட்டையும் இணைக்கும். சின்ன அளவில் கசியும் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எர்த் இல்லை என்றால் அது தகட்டிலேயே நிற்கும், கிட்டத்தட்ட 115 வோல்ட், 230இல் பாதி. ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, சுருசுருக்கும். பழைய கம்ப்யூட்டர் ஷாக் அடிக்காததற்குக் காரணம் அதில் கெபாசிட்டரே இல்லாமல் இருந்திருக்கும். நல்லது வந்ததும் வீட்டின் கோளாறு வெளியே தெரிந்துவிட்டது.

எலக்ட்ரீஷியனை அழைத்தார் அத்தான். வந்தவர் ஹோல்டரில் மாட்டிய ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பைக் கொண்டுவந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் முழு வெளிச்சம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் கம்பி சிவக்கக்கூட இல்லை. வீட்டுக்குப் பின்னால் போய் எர்த் பைப்பைப் பார்த்தார்கள். வயரைப் பைப்போடு இறுக்கியிருந்த கிளாம்பை அத்தான் விரலால் தட்டினார். மாவாக உதிர்ந்தது. போல்டு இருந்த இடத்தில் சிவப்புப் பொடி. “உப்புக் காத்து எல்லாத்தையும் திங்கும், இதை விடுமா” என்றார், தன் தொழில் விஷயத்தைப் பேசும் அதே குரலில். எத்தனை வருஷமாக அந்த வீட்டில் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் எர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன என்று யாருக்கும் தெரியாது.

புதுசாகக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாறி மாறிக் கொட்டினார்கள். ஈரம் பிடித்து வைக்கவும் கரண்டை மண்ணுக்குள் சுலபமாக இறக்கவும் உப்பு வேண்டுமாம். மேலே இருந்து தின்ற உப்பையே கீழே கூலிக்கு வைத்தாயிற்று என்று நான் சொன்னேன். எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. மேலே கிளாம்பு போட்ட இடத்தில் மட்டும் அத்தான் தன் டப்பாவிலிருந்து கிரீஸை அள்ளிப் பூசினார். மறுபடி பல்பை வைத்தபோது இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். சுருசுருப்பு நின்றது.

இந்தச் செலவு எந்தப் பட்டியலிலும் இல்லை. பையன் பார்த்த வீடியோக்கள் எதிலும் எர்த் குழி வராது. யு.பி.எஸ்.-உம் வரவில்லை. அதைத் தாய்மாமன் சீர் என்று பெயர் சொல்லி நான் வாங்கிக் கொடுத்தேன். கடையில் 600 விஏ போதும் என்றார்கள். 600 விஏ என்றால் அநேகமாக 360 வாட்ஸ்தான் தாங்கும். கேம் ஓடும்போது இந்தப் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 300-ஐத் தொடும். வயிறு முட்டச் சாப்பிட்டவனை ஓடச் சொல்கிற மாதிரி. 1100 விஏ எடுத்தேன், 660 வாட்ஸ். கரண்ட் போனால் கேமை முடித்து ஒழுங்காக ஆஃப் பண்ண நேரம் இருக்கிறது.

கரண்ட் பில் பற்றி அத்தானுக்கு ஒரு கவலை இருந்தது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், 250 வாட்ஸ் என்று வைத்தால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட். அப்போது இருந்த நூறு யூனிட் இலவசத்தில் பாதிக்கு மேல் பையனுக்கே போய்விடும் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, நாலு மணி நேரம் என்பதை இரண்டாக்கினார். அது அமலில் இருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை.

கேபினெட்டை முன்பக்கம் கண்ணாடி போட்டதாக எடுக்க வேண்டும் என்று பையன் நின்றான், நான் வலைத்தகடு வைத்ததை எடுக்க வைத்திருந்தேன். காற்று உள்ளே போக வழி வேண்டும். ஆனால் குளச்சலில் உள்ளே போகும் காற்றில் என்ன இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே மேசையைப் போட்டிருந்தான். ஜூனில் தொடங்கிய காற்றும் மழையும் ஓயவே செப்டம்பர் ஆனது. அக்டோபரில் போய்த் திறந்து பார்த்தால் வலையில் தூசி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, ஊதினால் போகவில்லை. பிரஷ் வைத்துத் துடைத்தோம். போர்டும் கார்டும் நன்றாக இருந்தன. மேசையைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம்.

பக்கக் கதவைப் பிடித்திருந்த நாலு ஸ்குரூவில் இரண்டு துருப்பிடித்துத் தலை மழுங்கியிருந்தன. அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. பட்டறையிலிருந்து ஒரு டப்பா நிறைய ஸ்டெயின்லெஸ் ஸ்குரூக்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். வள்ளத்து என்ஜினுக்குப் போடுகிறவை, உப்புக் காற்றில் சுலபமாகத் துருப்பிடிக்காது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். மூன்று எம்எம் லொடலொடத்தது, நாலு எம்எம் நுழையவே இல்லை. கம்ப்யூட்டர் கேபினெட்டில் வருவது இஞ்ச் கணக்கு மரை, ஆறாம் நம்பர், இஞ்சுக்கு முப்பத்திரண்டு மரை. எம்எம் உலகத்தில் அதற்குச் சொந்தக்காரரே கிடையாது.

அத்தான் துருப்பிடித்த ஸ்குரூ ஒன்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போன வாரம்கூடத் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் கடைகளில் கேட்டாராம். இன்னும் கிடைக்கவில்லை. கதவு இப்போது இரண்டு ஸ்குரூவில் நிற்கிறது.